வேண்டாம் என்று சொல்லாவிட்டால்

ராகலை
24.02.2025

மதிப்புக்குரிய பொருளியல் ஆசிரியர் மயூரதன் அவர்களுக்கு,

போனில் உங்களைத் தடுத்து வைத்திருக்கிறேன். கை தவறி நடந்ததில்லை, வேண்டுமென்றே செய்தது. நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் சண்டை அங்கேயே முடிந்துபோகும். இந்தச் சண்டை அவ்வளவு சுலபமாக முடியக்கூடாது. அதனால்தான் தபால். குறுக்கே பேச வழியில்லாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பேச்சியம்மா அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். "எங்ககிட்டயே மறைச்சிட்டியே டீச்சரு! யாழ்ப்பாணத்து மாப்புளயாமே?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விளங்கியிருந்தது. கல்யாணம் எந்த மாதம், சாப்பாடு யார் பொறுப்பு என்றுகூட ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு மட்டும்தான் செய்தி வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்தேன். உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே, தோட்டத்துக் கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பவர். நேற்று வாசற்படியில் குந்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நீ நுவரெலியா கூட்டத்துக்குப் போன அன்னைக்கு மயூரதன் மாஸ்டர் வந்தாருல்ல, பனங்கட்டி குடுத்துட்டுப் போனாருன்னு சொன்னேனே..."

"பனங்கட்டிய மட்டுந்தானே சொன்னீங்க?"

"கூட ஒரு வார்த்த சொன்னாரு. ஒனக்கு விருப்பமில்லேன்னா வருசப் பொறப்புக்கு முந்தி சொல்லிறணுமாம். சொல்லாட்டி சம்மதம்னு எடுத்துக்கிறலாமாம். எவ்வளவு மருவாதியான மனுசன் பாரு! பொண்ணு வேணாம்னு சொல்றதுக்கு எந்த மாப்புள டைம் குடுப்பான்?"

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லிருவியே."

இதைவிடத் தெளிவான பதிலை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஹட்டன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் நாலு வருடம் நாம் சண்டை போட்டோம். மனிதன் லாப நட்டம் நிறுத்துப் பார்த்து முடிவெடுப்பவன் என்று நீங்கள் மேசையில் தட்டுவீர்கள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் என் அம்மாவைச் சொல்லுவேன். தேயிலைக் கொழுந்து குறைந்த நாளில், முழு நாள் கூலிக்கான முழுப்பேர் விழ வேண்டும் என்று பொழுது சாயும்வரை நின்று பறிப்பார். மலை நிறையக் கொழுந்து கிடக்கும் நாளில், கூடப் பறித்தால் கூடக் காசு கிடைக்கும் என்று தெரிந்தும், போட்ட நிறை வந்தவுடன் கூடையை இறக்கிவிட்டுக் கதை பேசப் போய்விடுவார். உங்கள் புத்தகத்துப்படி அவர் நேர்மாறாக அல்லவா செய்ய வேண்டும்? கடைசியில் போன வருடம் நீங்கள் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டீர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பொருளியல்காரர் உளவியலுக்குள் வந்துவிட்டார் என்று உளவியல் படித்த எனக்கு எவ்வளவு பெருமை!

மனிதனுக்கு முடிவெடுப்பதில் சோம்பல், ஒன்றும் செய்யாவிட்டால் எது தானாக நடக்குமோ அதையே நடக்க விட்டுவிடுவான் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அதை என் மேலேயே போட்டுப் பார்த்துவிட்டீர்கள்.

இனிச் சொல்வதைச் சிரிக்காமல் வாசியுங்கள். தோட்டத்தில் உழைத்த எங்கள் தாத்தாமாரை அவர்களைக் கேட்காமலே இரண்டு நாடுகள் பங்கு பிரித்துக்கொண்டன. யாரைக் கப்பலேற்றுவது, யாரை இங்கே வைப்பது என்று பேசியவர்கள் ஒரு லயத்துக் கதவைக்கூடத் தட்டவில்லை. நாங்கள் பேசாமல் இருந்தபோதெல்லாம் யாரோ எங்களுக்காகச் சம்மதம் போட்டிருக்கிறார்கள். நீங்களும் அதைச் செய்ய வேண்டுமா?

உடனே அப்பாவுக்கு எழுதி உங்கள் ஏற்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ச. ஆ. ஜீவராணி
(‘ச. ஆ.’ என்றால் சக ஆசிரியை. வேறு உறவு ஒன்றும் இல்லை என்பதற்காகப் போட்டேன்.)

ஹட்டன்
01.03.2025

அன்புள்ள ஜீவராணி டீச்சர்,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துத் திறந்தது என் முதற் பிழை. முகம் போன போக்கைப் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் எனக்குச் சுகமில்லை என்று நினைத்துவிட்டார். கடைசிப் பாடத்தை வேறொருவர் எடுக்க, நான் மழையில் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாது. அப்பா சொல்லியிருப்பார் என்றே நம்பினேன். இத்தனை நாளும் நீங்கள் போனில் வழக்கம்போலக் கதைத்தீர்கள், சிரித்தீர்கள், மரக்கறிச் சந்தையில் லீக்ஸ் விலையைச் சொன்னீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை எவ்வளவு நாசூக்காகச் சம்மதம் சொல்கிறது என்று ஒவ்வொரு இரவும் சந்தோஷமாகப் படுத்தேன். நீங்கள் லீக்ஸ் விலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். உளவியல் எங்கள் பாடத்துக்குள் வந்த கதையை உயர்தர வகுப்பில் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். பழைய புத்தகங்களில் ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும், களைப்பு வராது, இன்று எடுத்த முடிவுக்காக நாளைக்கு வருந்தமாட்டார். அப்படி ஒருவர் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றால் சனம் கூடிப் பார்க்கும். ஆனாலும் எங்கள் கணக்கெல்லாம் அவரை வைத்துத்தான். பிறகு இரண்டு உளவியல்காரர்கள் வந்தார்கள். நல்ல சிநேகிதர்கள். ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டு, சாதாரண மனிதர்களிடம் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தார்கள். மனிதர் பிழை விடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கண்டபாட்டுக்குப் பிழை விடுவதில்லை, எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் பிழை விடுகிறார்கள் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே பக்கமாகப் போகும் பிழை என்றால் அதை முன்கூட்டியே சொல்லலாம், கணக்கிலும் சேர்க்கலாம். எங்கள் ஆட்கள் முதலில் அவர்களை வாசலில் நிற்க வைத்தார்கள், பிறகு உள்ளே விட்டார்கள், கடைசியில் அந்த இருவரில் ஒருவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசையே கொடுத்தார்கள். அவர் ஒரு நாளாவது பொருளியல் வகுப்பில் இருந்தவரல்ல.

அவர்கள் கண்டுபிடித்ததில் முக்கியமான ஒன்று இது. ஒரு பொருள் கிடைக்கும் சந்தோஷத்தைவிட அதையே இழக்கும் வலி பெரிது. ஜனவரியில் உங்களுக்கு ராகலைக்கு மாற்றம் வந்தபோது அதை நான் வடிவாகப் படித்தேன். உங்கள் கதிரையில் இப்போது சித்திர ஆசிரியர் இருக்கிறார். நல்ல மனிதர், ஒன்றுக்கும் மறுத்துக் கதைக்கமாட்டார். எனக்கு விசர் பிடிக்கிறது.

உங்களிடம் நேரே கேட்டால் நீங்கள் இல்லை என்று சொல்லலாம். அந்தச் சொல்லைக் கேட்காமல் தப்ப ஒரு வழி தேடினேன். அந்த நேரத்தில்தான் ஓய்வூதியத் திட்டங்களைப் பற்றி வாசித்தேன். சேர விரும்புகிறவர்கள் கையொப்பம் வையுங்கள் என்றால் கொஞ்சப் பேர்தான் சேருவார்கள். விரும்பாதவர்கள் கையொப்பம் வையுங்கள் என்று மாற்றினால் கிட்டத்தட்ட எல்லாரும் உள்ளே இருப்பார்கள். திட்டம் அதேதான், கேள்வியைத் திருப்பிப் போட்டதுதான் வித்தியாசம். இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தேன். கல்யாணமும் ஓய்வூதியமும் ஒன்றல்ல என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

உங்கள் தாத்தாமாரைப் பற்றி எழுதியதை நாலு தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் வெட்கம்தான் வந்தது.

உங்கள் அப்பாவுக்கு இத்துடன் தனியாக எழுதியிருக்கிறேன். ஏற்பாட்டைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

நேற்று இன்னுமொரு தோல்வி. கன்டீனில் அவித்த கடலையைக் கண்ணுக்கு முன்னாலும் எண்ணெயில் பொரித்த ரோல்ஸைப் பின் தட்டிலும் வைக்கச் சொல்லி முதலாளி கணேசமூர்த்தியைச் சம்மதிக்க வைத்திருந்தேன். பிள்ளைகள் ரோல்ஸ் தின்பது குறைந்தது. மிஞ்சிய ரோல்ஸ் முழுவதையும் அவர் என் மேசையில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். "மாஸ்டர், ஆராய்ச்சி உங்களோடது, அப்ப ரோல்ஸும் உங்களோடது" என்றார்.

மன்னிப்புடன்,
மயூரதன்

ராகலை
16.03.2025

மயூரதன் சேர்,

உங்கள் கடிதம் அப்பாவுக்குக் கிடைத்தது. நீங்கள் திரும்பக் கேட்டதை அவர் திரும்பத் தரமாட்டாராம்.

தபால்காரருக்கு முன்னாலேயே உடைத்து வாசித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு ஒருமுறை, பேச்சியம்மா அக்காவைக் கூப்பிட்டு ஒருமுறை. "இத்தன நாளா எனக்கு மருமகனா இருந்த மனுசன இப்ப இல்லேன்னா எப்புடி? இது என்னா நாயம்?" என்று கேட்கிறார். போன வருடம் யாழ்ப்பாணத்து வரன் ஒன்றைப் பற்றி யாரோ பேச்செடுத்தபோது இதே மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "அவுங்க நம்ம சோத்தத் தின்னாலும் நம்ம பாயில ஒக்காரமாட்டாங்க" என்றார். இப்போது உங்களைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லட்டும் பார்க்கலாம், அடித்துவிடுவார்.

உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு விலை கேட்டால், கடையில் அதைப் பார்த்தபோது சொன்ன விலையைவிட மனிதன் கூடத்தான் சொல்லுவான், அது தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நீங்கள் அப்பாவின் கோப்பை ஆகிவிட்டீர்கள்.

அதோடு விட்டாரா? வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. சிவபெருமான் கண்ணைத் திறந்து மன்மதனைப் பார்த்தாரே, அவன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடுவார்கள். அப்பா பரம்பரையாக எரியாத கட்சி. அவர் பாட வேண்டிய நேரத்தில் மன்மதனை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு மாப்பிள்ளையும் எரியவில்லை, கடிதம் வந்தாலும் எரியமாட்டார் என்று இழுத்துப் பாடினார். எதிர்க்கட்சிக்காரர் சிவசாமி மாமா சிரித்ததில் தாளத்தைத் தவறவிட்டார். ரதி வேஷம் போட்ட கிஷாந்த் அண்ணன் அழ வேண்டிய கட்டத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன், இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கோவில் வாசலில் எல்லாரும் இருக்கும்போது நானே ஓர் அறிவிப்புச் செய்தேன். "இன்னையிலேருந்து கணக்கு மாறுது. நான் சம்மதம்னு என் வாயால சொல்லணும். சொல்லாட்டி வேணாம்னுதான் அர்த்தம். கல்யாணப் பேச்சு யாரும் எடுக்காதீங்க." கேள்வியைத் திருப்பிப் போட உங்களுக்கு மட்டுமா தெரியும்?

அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா பேசுகிறார், ஆனால் பெருமூச்சு விட்டுக்கொண்டு.

இப்போது நிலைமை உங்களுக்கு விளங்குகிறதா? நான் சும்மா இருந்தால் நீங்கள் இல்லை.

ஜீவராணி

ஹட்டன்
21.03.2025

அன்புள்ள ஜீவராணி,

டீச்சர் என்பதை விட்டுவிட்டேன். பாடம் நடத்திய காலம் முடிந்துவிட்டதால் இல்லை, இந்தக் கடிதத்தில் பதவிகளுக்குப் பின்னால் ஒளியக்கூடாது என்பதால்.

"நான் சும்மா இருந்தால் நீங்கள் இல்லை" என்ற வரி என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. உங்கள் அறிவிப்புச் சரியானது. நான் செய்ததை அதே அளவில் எனக்குத் திருப்பிச் செய்திருக்கிறீர்கள். வருந்தக்கூட எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் வருந்துகிறேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த உளவியல்காரர்கள் எங்கள் பாடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தது மனிதனை. பயப்படுகிற, சோம்பல்படுகிற, ஆசைப்படுகிற மனிதனை. நான் அந்த மனிதனை விட்டுவிட்டு அவனை வளைக்கும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடலையை முன் தட்டில் வைப்பதில் பெரிய பாவம் இல்லை, பிள்ளை கையை நீட்டி ரோல்ஸை எடுக்கலாம். ஆனால் எனக்கு உங்களிடமிருந்து வேண்டியிருந்தது ஒரு பதில். பதில் சொல்லத் தேவையில்லாதபடி ஏற்பாடு பண்ணிவிட்டு, பதில் கிடைத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேனே, என்னை என்னவென்று சொல்வது!

இனி அவசரமான செய்தி. இந்த ஏற்பாட்டை நான் உங்கள் அப்பாவிடம் மட்டும் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவிடமும் அதே முறைதான். "வருசப்பிறப்புக்கு முதல் மறுப்புச் சொல்லாட்டில் உங்களுக்குச் சம்மதமெண்டு எடுப்பன்" என்று போனில் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டேன். என் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. குணபூசணி என்றால் வங்கியில் முகாமையாளர்களே எழும்பி நிற்பார்கள். அவ மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டா. இன்று காலை ஹட்டனில் இறங்கி, என் அறையைப் பார்த்து முகத்தைச் சுளித்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, "அந்தப் பிள்ளையின்ரை விலாசத்தைத் தா" என்று கேட்டா. கொடுக்கமாட்டேன் என்றேன். உங்கள் கடித உறையைப் பார்த்து எழுதிக்கொண்டா.

நாளைக்கு ராகலைக்கு வருகிறா. நான் கூட வரக்கூடாதாம். போனில் சொல்ல வழியில்லை. இந்தக் கடிதம் அவவுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தபாலில் போடுகிறேன். அவ என்ன சொன்னாலும் அதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மயூரதன்

ராகலை
29.03.2025

மயூரதன்,

உங்கள் அம்மா போன சனிக்கிழமை வந்தார். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பழைய கவுனோடு வாசலில் இருக்கிறேன். இரண்டு சுவெட்டர், அதற்கு மேலே ஒரு சால்வை, கையில் குடையோடு ஓர் அம்மா மேட்டில் மூச்சு வாங்க ஏறி வருகிறார். பின்னால் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மா அக்கா. லயத்தின் எல்லாக் கதவிலும் ஆட்கள். அப்பா ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார், பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டார்.

நம் பாயில் உட்காரமாட்டார்கள் என்று அப்பா சொன்னாரே, அதே பயம் எனக்கும் இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அடுப்படியில் நெருப்பு இருப்பதைக் கண்டு நேரே அங்கே போய், என் அம்மாவுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர் காய்ந்தார். "என்ன குளிரப்பா இது! இதுக்குள்ள எப்பிடி விடியக் காலமை கொழுந்தெடுக்கப் போறியள்?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பலும் கொடுத்தார். இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சம்பலில் உறைப்புக் காணாது என்று சொன்னார், அதையும் எழுத வேண்டும்தானே. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் இருவரும் சேர்ந்து உங்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். அதில் நல்ல ஒற்றுமை வந்துவிட்டது.

பிறகு உங்கள் அம்மா என்னைப் பின் கதவுப் பக்கம் கூப்பிட்டார். "பிள்ளை, எனக்கு முதல்லை இது பிடிக்கேல்லை. ஏனெண்டும் உமக்குத் தெரியும். ஊரிலை நாலு பேர் நாலு கதை சொல்லுவினம். சொல்லட்டும், நான் பாத்துக்கொள்ளுவன். எனக்கு ஒரு விஷயம்தான் தெரியோணும். உமக்கு அவனிலை விருப்பமோ?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவர் கேக்கட்டும் அம்மா, அவருக்குச் சொல்றேன்" என்றேன்.

"அவன் கேக்கமாட்டான். சின்னனிலை பசிச்சாலும் வாய் திறந்து கேக்கான். எல்லாரும் சாப்பிட்டு முடிஞ்சுதோ எண்டு சுத்திச் சுத்திக் கேப்பான்" என்றார்.

இப்போது என் ஆராய்ச்சி முடிவைச் சொல்கிறேன், என்னை வைத்தே செய்தது. பேசாமல் இருந்தால் கல்யாணம் என்று இருந்தபோது, எனக்கு எதெல்லாம் போய்விடும் என்றே மனம் எண்ணிக்கொண்டிருந்தது. அம்மா, என் வகுப்புப் பிள்ளைகள், சொந்தக்காரர், என் சம்பளத்தில் நானே எடுக்கும் முடிவுகள். பேசாமல் இருந்தால் கல்யாணம் இல்லை என்று மாற்றிய மறுநாளே மனமும் மாறிவிட்டது. இனி யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்தேன். ஒரு விஷயத்தை வாசித்தவுடன் சொல்ல வேண்டும் என்று முதலில் தோன்றும் ஆள் இல்லாமல் போய்விடுவாரே என்று நினைத்தேன். நான் அதே ஆள், நீங்களும் அதே ஆள். ஆகவே இரண்டு கணக்கையும் நம்ப முடியாது. என் முடிவு மற்றவர் வைத்த இடத்திலிருந்தும் வேண்டாம், நான் கோபத்தில் வைத்த இடத்திலிருந்தும் வேண்டாம்.

இது எனக்கு விளையாட்டில்லை. உங்கள் அம்மா நல்லவர், ஆனால் ஊர் நாலு கதை சொல்லும் என்று அவரே சொல்கிறார். என்றைக்காவது ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில் யாராவது ஒருவர் ‘தோட்டத்துப் பிள்ளை’ என்று ஒரு சொல் விடுவார். அன்றைக்கு என்னைத் தாங்கப்போவது, நான் என் வாயால் சொல்லிக்கொண்டு வந்தேன் என்ற ஒன்றுதான். சும்மா இருந்ததால் நடந்த கல்யாணம் அந்த ஒரு சொல்லுக்கே உடைந்துபோகும்.

அதனால் கேளுங்கள். என்னைக் கேளுங்கள்.

ஜீவராணி

ஹட்டன்
03.04.2025

அன்புள்ள ஜீவராணி,

அம்மா திரும்பி வந்து இரண்டு நாள் இங்கே நின்றா. என்ன நடந்தது என்று எத்தனை தரம் கேட்டும் "ரொட்டி நல்லாயிருந்தது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் என் தலையில் குட்டினா.

கேட்கிறேன்.

ஜீவராணி, என்னைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்கு விருப்பமா?

இதற்குத் தவணை இல்லை. நீங்கள் பதில் எழுதாவிட்டால், பதில் எழுதவில்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வேன். உங்களுக்கு எது போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தை விடச் சொல்லி நான் கேட்கமாட்டேன். ராகலைப் பக்கம் பொருளியலுக்கு ஆள் இல்லாத பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, மாற்றத்துக்கு நான் விண்ணப்பிக்கிறேன். சம்பளத்தைப் பற்றி முடிவெடுக்கிறவர் நீங்கள், என் சம்பளத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசனை சொன்னால் நல்லது. அந்த ஒரு சொல் விழாது என்று என்னால் வாக்குத் தர முடியாது. விழும் இடத்தில் நான் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பேன், வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன். அதற்கு வாக்குத் தருகிறேன்.

நீங்கள் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் எனக்கு மிகவும் வலிக்கும். அதை மறைத்துக்கொண்டு கேட்டால் அது கேட்டதாகாது என்று நினைக்கிறேன்.

மயூரதன்

ராகலை
07.04.2025

அன்புள்ள மயூரதன்,

கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வகுப்பு முடியும்வரை திறக்கவில்லை. பிறகு பஸ்ஸில் திறக்கலாம் என்று பார்த்தால், வருசப்பிறப்புக்கு நுவரெலியாவுக்கு வரும் கூட்டத்தில் நிற்கவே இடமில்லை. ஒரு காலில் நின்றுகொண்டு, கேரட் மூட்டைக்கும் யாரோ ஒருவருடைய முதுகுக்கும் நடுவில் வைத்து வாசித்தேன். கேள்வி வந்த இடத்தில் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்னால் நின்ற ஓர் அம்மா, தான் என் காலை மிதித்துவிட்டதாக நினைத்துச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் கேட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் யோசிக்கும் உரிமை எனக்கு இருக்கிறது என்பதையே கொஞ்சம் அனுபவிக்க ஆசையாக இருந்தது. அடுப்படியில் ரொட்டி தட்டும்போது யோசித்தேன், விடைத்தாள் திருத்தும்போது யோசித்தேன். நல்ல சுகமாக இருந்தது. அப்பா இன்னும் பேசவில்லை, ஆனால் நான் எந்தப் பக்கம் போனாலும் கழுத்தைத் திருப்பி முகத்தைப் பார்க்கிறார்.

எனக்கு விருப்பம், மயூரதன். யோசித்துத்தான் சொல்கிறேன், முழு மனதோடு சொல்கிறேன். உங்களை எனக்குப் பிடிக்கும். நீங்கள் பிழை விடும்போதுகூடப் பிடிக்கும். நீங்கள்தான் அடிக்கடி விடுகிறீர்களே.

கடிதத்தை மூடப் போகும்போது ஒன்று உறைத்தது. இந்தக் கூத்து முழுவதிலும் உங்களை யாருமே கேட்கவில்லை. நீங்கள் ஆண்பிள்ளை, நீங்கள்தான் பேச்சை ஆரம்பித்தவர், அதனால் உங்களுக்குச் சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார், உங்கள் அம்மா எடுத்துக்கொண்டார், நானும் எடுத்துக்கொண்டேன். குளிரும் மழையும், மேட்டுக்கு மேலே ஒரு லயத்து வீடும், மன்மதனை விட்டுவிட்டு உங்களைப் பாடும் மாமனாரும், ஒவ்வொரு சாப்பாட்டு நேரத்திலும் உங்களோடு மறுத்துப் பேசும் ஒருத்தியும் உங்களுக்கு வேண்டுமா என்று ஓர் ஆள் வாய் திறந்து கேட்டதில்லை.

நான் கேட்கிறேன். மயூரதன், என்னைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா? ஆறுதலாக, அவசரப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

ஜீவராணி

ஹட்டன்
10.04.2025

ஜீவராணி,

நாலு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஓம், சம்மதம்.

மயூரதன்